ஆரப்பாளையத்தில் தொடங்கி ஆரப்பாளையத்தில் முடியும் மலை வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அடிவாரத்தில் நடக்கத் தொடங்கி, வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக வட்டக்கானலுக்கு ஏறி, கொடைக்கானலில் பஸ் பிடித்து அன்றிரவே ஊர் திரும்புவது. இதைத்தான் எங்கள் கூட்டாளிகள் ‘வட்டம்’ என்கிறோம். நான் நான்கு தடவை போயிருக்கிறேன், மூன்று தடவை முடித்திருக்கிறேன். போகவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் போனிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்த வரைக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஆகும்?

நடை மட்டும் 15 கிலோமீட்டருக்குக் குறையாது. பாதை வளைந்து வளைந்து போவதால் 18 வரைக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கேட்டுவிட்டு, “இவ்வளவுதானா, வைகைக் கரையில் தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கிறேனே” என்பார்கள். இங்கே காலை வாங்குவது தூரம் இல்லை, ஏற்றம். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் 1,500 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள்.

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி நம் பாதைக்கு ஆறு மணி நேரம் வரும். ஆனால் அது நன்றாகப் பழகிய கால்களுக்கு, நிற்காமல் நடந்தால். நமக்கு உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், வேர்ப் பாதையில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும். ஒன்பது முதல் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சதுரகிரி ஏறியிருக்கிறேன். அது போதுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மதுரைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு மலை ஏறத் தெரியுமா என்பதற்கு அளவுகோலே சதுரகிரிதானே. தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் வரை மூச்சு வாங்காமல் போய் வருகிறவர் என்றால் உங்கள் நெஞ்சும் தொடையும் தயார்தான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி போனால் முன்னாலும் பின்னாலும் ஜனம். தவறி உட்கார்ந்துவிட்டால் “சாமி, தண்ணி குடிங்க” என்று யாராவது ஒருவர் பாட்டிலை நீட்டுவார். இந்தப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தும் ஒரு முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். வழியில் கடை இல்லை, பந்தல் இல்லை. உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பொறுப்பு இங்கே கூடுதல்.

அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். இதில் வளைந்து கொடுக்க எதுவும் இல்லை. அடிவாரம் தேனி மாவட்டம். வெள்ளகெவியும் வட்டக்கானலும் திண்டுக்கல் மாவட்டம். அதனால் இரண்டு பக்கத்து வனத்துறையிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டியோடு மட்டுமே நடங்கள். கும்பக்கரை அருவிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு அப்படியே காட்டுக்குள் நழுவிப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கத்து மலையில் இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் உயிரிழந்தார்கள். அன்று தேனிப் பக்கம் மலை நடக்கிற யாரும் தூங்கவில்லை. போதைப்புல் என்ற மலைப்புல் காய்ந்தால் எப்படிப் பற்றும், மேல்நோக்கிக் காற்று அடித்தால் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதெல்லாம் ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும், நகரத்திலிருந்து போன பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். முதல் தடவை மலைக்குப் போகிறவர்கள் அதில் எளிதான ஒரு பாதையில் நடந்து பழகிவிட்டு அப்புறம் வட்டத்தைப் பற்றி யோசிப்பது நல்லது.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி. இன்னும் சரியாகச் சொன்னால் மார்கழி கடைசியும் தை முழுவதும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். திறந்தே வைத்தாலும் அப்போது போகாதீர்கள். மே மாதம் கீழ்ச்சரிவில் பாறை சுடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பாம்பாறு மேலே கொடைக்கானல் மலையில் உற்பத்தியாகிக் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. மேலே பெய்கிற மழை கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கும்பக்கரையில் வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கி வரும், வனத்துறை குளிக்கத் தடை போடும். யானை, பாம்பு என்று விலங்குகளின் பேரில் அங்கே ‘கெஜம்’ என்கிற ஆழமான பாறைக் குழிகள் இருக்கின்றன. நடக்கத் தொடங்குமுன் ‘ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறேன்’ என்று யாரையும் அந்த ஆழத்தில் இறங்க விடாதீர்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

எங்கள் கணக்கு இது. ஆரப்பாளையத்தில் அதிகாலை 3 மணிக்குப் பஸ், பெரியகுளத்தில் ஐந்தரைவாக்கில் இறங்கி ஒரு டீ, ஆட்டோவில் ஏறினால் எட்டொன்பது கிலோமீட்டர் தூரத்தில் கும்பக்கரை. ஆறு மணிக்கு, கை ரேகை தெரிகிற வெளிச்சம் வந்ததும் நடை. எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதை அனுமதி வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பத்தரைக்கு வெள்ளகெவி, பதினொன்றேகாலுக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். மூன்றரை, நாலுக்கு வட்டக்கானல்.

கிளம்பும் நேரத்தைவிட முக்கியமானது திரும்பும் நேரம். பதினொன்றரை மணிக்குள் வெள்ளகெவியைத் தொடவில்லை என்றால் அன்றைக்கு வட்டம் கிடையாது, வந்த வழியே இறங்கிவிட வேண்டும். இதை முந்தின நாளே எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ளுங்கள். மலையில் வைத்துப் பேசினால் யாருக்கும் திரும்ப மனசு வராது.

எனக்கு இது படித்து வந்த புத்தி இல்லை. முதல் தடவை போனபோது சொல்லிவைத்த வேன் நேரத்துக்கு வரவில்லை. நடக்கத் தொடங்கும்போதே எட்டே முக்கால். வெயில் முதுகில் ஏறிவிட்டது. வெள்ளகெவிக்குப் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி. நாங்கள் ஐந்து பேர், எல்லாருக்கும் மேலே போயே தீரவேண்டும் என்ற வெறி. லீவு போட்டு வந்திருக்கிறோம், இன்னொரு நாள் எப்போது கிடைக்கும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். திண்ணையில் ஒரு பெரியவர் முறத்தில் காப்பிக்கொட்டையைப் போட்டு, கறுத்ததைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மல எங்கயும் போயிராது தம்பி. வெளிச்சந்தான் போயிரும்” என்றார்.

இறங்கினோம். அடிவாரம் வரும்போது மணி ஆறே முக்கால், கடைசி அரை மணி நேரம் டார்ச் வெளிச்சம்தான். கோபமும் வருத்தமுமாக பெரியகுளத்தில் பஸ் ஏறிய பிறகு மலை மேல் மின்னிக்கொண்டே இருந்தது. இரவு முழுக்க மேலே மழை. வட்டக்கானலுக்குச் சற்று முன்னால் வரும் டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்குக் கீழே உள்ள வேர்ப் பாதையில், இருட்டில், அந்த மழையில் நாங்கள் நின்றிருப்போம். அந்தப் பெரியவரின் சொல்லை இன்றைக்கும் ஒவ்வொரு நடைக்கு முன்னாலும் கூட வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

பஸ்ஸில் மேலே போய்விட்டு நடந்து இறங்கினால் எளிதில்லையா?

மூச்சுக்கு எளிது, முட்டிக்குக் கொடுமை. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் முழு எடையும் தொடையிலும் முட்டியிலும் இறங்குகிறது. ஆயிரத்தைந்நூறு மீட்டர் அப்படி இறங்கினால் பழகாத கால் பாதியிலேயே நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குகிற கால்தான் வழுக்கும்.

நான் ஏறுவதை விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஏறினால், வெப்பமான கீழ்ச்சரிவை விடிகாலைக் குளிரில் கடந்துவிடுகிறீர்கள், உச்சி வெயில் நேரத்தில் சோலைக்காட்டு நிழலில் இருப்பீர்கள். தாமதமானாலும் நீங்கள் போய் முடியும் இடம் வட்டக்கானல், அங்கே வீடும் கடையும் வண்டியும் இருக்கிறது. இறங்கும்போது தாமதமானால் இருட்டுகிற நேரத்தில் நட்ட நடுக் காட்டில் நிற்பீர்கள்.

வெள்ளகெவியில் செருப்புப் போடக் கூடாதாமே?

ஆமாம், ஊருக்குள் யாரும் காலணி அணிவதில்லை. வீடுகளுக்கு நடுவே கோயில்கள், கோயில்களுக்கு நடுவே வீடுகள் என்று இருக்கும் ஊர் அது. ஊர் முழுவதுமே சாமி இருக்கிற இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர் எல்லை வந்ததும் வழிகாட்டி நிற்பார், தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷூ லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டுக்கொண்டு ‘ஓரமாகப் போய்விடுகிறோம்’ என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் சத்தம் போடவில்லை, பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் கூசிப்போனது.

நான்கு மணி நேரம் ஷூவுக்குள் வெந்த பாதத்தை அந்தக் குளிர்ந்த கல்லில் வைத்துப் பாருங்கள். எனக்கு அந்த நடையிலேயே பிடித்த இடம் அதுதான்.

அங்கே போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். குளிக்கிற இடம், வீட்டு முற்றம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர். அரிசி, சிலிண்டர், சிமெண்ட் எல்லாம் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் வந்தவை. தேர்தல் நேரத்தில் வாக்கு இயந்திரமே குதிரையில்தான் போனது. நமக்கு ஒருநாள் சாகசமாகத் தெரிகிற பாதையில் அவர்கள் பிரசவ வலி கண்டவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சாலை கேட்டு அவர்கள் மனு கொடுப்பதைப் பற்றி, ‘ரோடு வந்தால் அழகு போய்விடும்’ என்று அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தயவுசெய்து பேசாதீர்கள்.

பாதை எவ்வளவு பழையது?

கொடைக்கானல் என்ற நகரத்தைவிடப் பழையது. 1821-ல் பழனி மலையை அளக்க வந்த வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி வெள்ளகெவியில் தங்கித்தான் மேலே ஏறினார். 1845-ல், காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டினார்கள். இன்று எல்லாரும் படகு ஓட்டும் ஏரிகூட மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863-ல் உருவாக்கியதுதான். மோட்டார் சாலை வருகிற வரைக்கும் பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதைகள் வழியாகத்தான் மூட்டையும் ஆளும் ஏறின. துரைமார் நாற்காலியிலும் குதிரையிலும் போனார்கள், தூக்கியவர்கள் பேர் எங்கேயும் எழுதப்படவில்லை. நடு மலையில் மூச்சு வாங்கி நிற்கும்போது எனக்கு அவர்கள் நினைப்புத்தான் வரும்.

சாப்பாடும் தண்ணீரும்?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கனமாக இருக்கிறது என்று குறைக்காதீர்கள். வெள்ளகெவியில் நிரப்பிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உள்ள ஏற்றத்தில்தான் வேர்வை ஆறாக ஓடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் மதியத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்து வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி இரண்டு பாக்கெட் தனியாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு நாங்கள் மாற்றிப் பார்த்து மாற்றிப் பார்த்துக் கடைசியில் நம் ஊர்க் கட்டுச்சோற்றிலேயே வந்து நின்றோம். முந்தின இரவே நல்லெண்ணெயும் பொடியும் தடவி வாழை இலையில் கட்டிய இட்லி ஆளுக்கு ஆறு. காலை எட்டு மணிக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து பிரித்தால் இலை வாசனையோடு மெத்தென்று இருக்கும். மதியத்துக்குப் புளியோதரை, கெட்டுப்போகாது. நடுவில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள், மணிக்கு ஒருமுறை வாயில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பிரியாணி வேண்டாம். ஒருத்தர் கொண்டுவந்தார், சாப்பிட்டதும் ஏற்றத்தில் கால் எடுக்க முடியாமல் முக்கால் மணி நேரம் எல்லாரும் காத்திருந்தோம்.

கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் பாட்டிலையே எடுத்துவாருங்கள். கொண்டுபோகிற ஒவ்வொரு உறையும் உங்கள் பையிலேயே கீழே வந்து சேர வேண்டும்.

என்ன உடை, என்ன காலணி?

அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ, ஏற்கெனவே இரண்டு மாதமாவது போட்டுப் பழகியது. புது ஷூ போட்டு வந்தவர்கள் வெள்ளகெவியில் கழற்றும்போது கொப்புளத்தோடுதான் கழற்றினார்கள். முழுக்கால் பேண்ட், ஜீன்ஸ் வேண்டாம். இன்னொன்று, பலரும் மறப்பது: காய்ந்த பனியன் ஒன்று, ஒரு ஸ்வெட்டர். கீழே வேர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு மேலே மேகத்துக்குள் நுழைந்தால் பத்து நிமிஷத்தில் பல் கிட்டும். டால்பின் நோஸ் வந்ததும் முதல் வேலை சட்டை மாற்றுவது. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, பகலிலேயே முடிந்துவிடும் என்று நம்பினாலும்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

இரண்டு மாதம் போதும். வாரம் ஒருமுறை அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரைக்கும் நடந்து ஏறி நடந்தே இறங்குங்கள். பஸ்ஸில் இறங்காதீர்கள், இறக்கமும் பயிற்சிதான். முதலில் வெறுங்கையோடு, பிறகு நான்கு கிலோ பையோடு, கடைசி வாரங்களில் ஒரே காலையில் இரண்டு தடவை. குரங்குகள் இருப்பதால் பையை வெளியே திறக்க வேண்டாம். மற்ற நாளில் வீட்டு மாடிப்படி. லிஃப்ட் இருக்கிற அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல மலை கிடையாது. ஒருநாள் அதே பையோடு ஆறு மணி நேரம் தொடர்ந்து நடந்து பாருங்கள், சமதளமாக இருந்தாலும் சரி. தோளில் பை எங்கே அறுக்கிறது, எந்த விரலில் ஷூ கடிக்கிறது என்பது நான்காவது மணியில்தான் தெரியும்.

காட்டு விலங்கு, அட்டை?

நீங்கள் பார்க்க வாய்ப்புள்ளது காட்டெருமை. கொடைக்கானல் தெருக்களிலேயே திரிவதால் சாது என்று நினைத்துவிடுகிறார்கள். தனியாக நிற்கும் கிழட்டு ஆண் எருமையிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். தூரத்தில் பார்த்தால் நின்றுவிடுங்கள், அது போகட்டும். செல்ஃபி வேண்டாம். கரடி, சிறுத்தை, கீழ்ச்சரிவில் யானை எல்லாமே இருக்கிற காடுதான். அதனால்தான் விடிந்த பிறகு நடை, இருட்டுமுன் முடிவு, பாட்டுப் பெட்டி இல்லாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போவது.

அட்டை ஈர மாதங்களில் நிறைய. பேண்ட் முனையைச் சாக்ஸுக்குள் விட்டு, துணியில் உப்பைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் உப்பு மூட்டையால் ஒற்றினால் தானே விழும்.

பாதையில் குதிரை வந்தால் ஒரு விஷயம். எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. குதிரைக்கு மூட்டையின் அகலம் தெரியாது, மூட்டை இடித்தால் விழப்போவது பள்ளத்துப் பக்கம் நிற்கிறவர்.

உயரம் போனால் மூச்சு முட்டுமா?

உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். மூச்சு வாங்கினால் அது ஏற்றத்தினால். ஆனால் நெஞ்சு அடைப்பது, இடது கை மரத்துப்போவது, தலை சுற்றுவது எல்லாம் வேறு, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வராதீர்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் கூட வருகிற ஒருவரிடமாவது அதைச் சொல்லி வையுங்கள்.

நடுவழியில் காலில் அடிபட்டால்?

108-க்குப் போன் போகிற இடத்தில் சிக்னல் இருக்காது, சிக்னல் இருக்கிற இடத்துக்கு வண்டி வராது. நடக்க முடியாதவரை ஆறு பேர் மாறி மாறித் தூக்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிற வெள்ளகெவிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். இதை நினைத்துக்கொண்டால் பாறையிலிருந்து குதிக்கத் தோன்றாது. சுற்றுகட்டுத் துணி, வலி மாத்திரை, விசில் எடுத்துக்கொள்ளுங்கள். சுளுக்கு என்று தெரிந்தால் ஷூவைக் கழற்றாமல் மேலேயே இறுக்கிக் கட்டி, பக்கத்தில் எது அருகிலோ, ஊரோ அடிவாரமோ, அங்கே போங்கள்.

பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள் வரலாமா?

எங்கள் கூட்டத்தில் சீராக நடக்கிறவர் 58 வயது அக்கா ஒருவர். ஒரே வேகம், வேகத்தைக் கூட்டவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். அவர் பின்னால் நடந்த இளவட்டங்கள்தான் முடித்திருக்கிறார்கள். முன்னால் ஓடியவர்கள் மதியத்தில் படுத்துவிட்டார்கள். வழியில் கழிப்பறை கிடையாது என்பதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நான் கூட்டிப்போக மாட்டேன். யாராக இருந்தாலும் தனியாக வேண்டாம்.

வட்டக்கானலிலிருந்து மதுரைக்கு?

டால்பின் நோஸிலிருந்து வட்டக்கானல் வரைக்கும் கடைசி ஏற்றம், மரவேர்களே படிக்கட்டு. அங்கே திடீரென்று சுற்றுலா வந்தவர்கள் கூட்டம், பிரெட் ஆம்லெட் கடை, பாட்டுச் சத்தம். ஒருநாள் முழுக்கக் காட்டுக்குள் இருந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நுழையும்போது கொஞ்சம் திகைப்பாக இருக்கும். வட்டக்கானலிலிருந்து கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு ஜீப், டாக்ஸி கிடைக்கும். மதுரைக்கு நேர் பஸ் கிடைத்தால் நான்கு மணி நேரம். மாலையில் நேர் பஸ் குறைந்துவிட்டால் வத்தலகுண்டு வரைக்கும் இறங்கிவிடுங்கள், அங்கிருந்து வண்டி உண்டு. உங்களை அழைத்துப்போகச் சொந்தக் கார் மேலே வருவதாக இருந்தால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை.

களைத்த உடம்போடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது குமட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். நடந்து வந்த களைப்பில் நீங்களே கார் ஓட்டிக்கொண்டு இறங்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

வெள்ளகெவிக்கு ஏதாவது கொண்டுபோகலாமா?

பழைய துணி மூட்டையும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுபோய் நடுத்தெருவில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். அவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். வழிகாட்டிக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். காப்பி, வெண்ணெய்ப்பழம், ஆரஞ்சு, மிளகு எது விளைந்திருக்கிறதோ அதைக் கேட்டு விலைக்கு வாங்குங்கள். உண்மையிலேயே ஏதாவது வேண்டுமா என்று வழிகாட்டியிடம் இரண்டு நாள் முன்னாலேயே போனில் கேட்டுவிடலாம்.

போன தை மாதம் நான் அப்படிக் கேட்டேன். எங்களுக்கு எப்போதும் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தரும் ஆத்தா சொல்லி அனுப்பியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: “மதுரையிலருந்து வாராகளாம்ல, ரெண்டு மொழம் மல்லிப்பூ கொண்டாரச் சொல்லு.” பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை மிளகாயாகக் காரும். பரவாயில்லை என்று முந்தின இரவு நான்கு முழம் வாங்கி, ஈர வாழைநாரில் சுற்றி, அதன் மேல் இலை, அதன் மேல் ஈரத் துண்டு என்று கட்டி இட்லிப் பொட்டலத்துக்கு மேலே வைத்தேன். பத்து இருபதுக்கு ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றினோம். அவர் வீட்டுத் திண்ணையில் துண்டைப் பிரித்தபோது மொட்டு ஒன்றுகூட வாடியிருக்கவில்லை, பாதிதான் விரிந்திருந்தது. அதில் ஒரு முழத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இலையோடு கையில் ஏந்தி ஆத்தா முதலில் கோயிலுக்குப் போனார். அப்புறம்தான் எங்களுக்குக் காப்பி வந்தது.